பாட்டை நல்ல தரத்தில் விலைக்கு வாங்க வேண்டும்: காசு கலைஞர் கைக்குப் போகும் வழி எது?

மஞ்சக்குப்பம்_ரசிகன்

வணக்கம் நண்பர்களே. கடலூர், பாண்டி ஆட்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

சில வருடமாக மாதச் சந்தா கட்டித்தான் பாட்டு கேட்கிறேன். நான் விரும்பிக் கேட்கும் ஒரு வீணை ஆல்பம் திடீரென்று செயலியில் இல்லை. பட்டியலில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, தொட்டால் பாடவில்லை. எங்கோ ஏதோ ஒப்பந்தம் முடிந்திருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் வருத்தம்.

இனி எனக்கு உயிரான பாட்டுகளையாவது கோப்பாகக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். வாங்குவது நல்ல தரத்தில் இருக்க வேண்டும், சட்டப்படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் கொடுக்கும் காசில் உருப்படியான ஒரு பங்கு வாசித்தவருக்கும் பாடியவருக்கும் போக வேண்டும். டெலிகிராமில் கிடைக்கிறது என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அது வேண்டாம் என்றுதான் இங்கே வந்திருக்கிறேன்.

முதுநகர்_அலை

அண்ணா, சந்தாவும் சட்டப்படியான வழிதானே? அதிலும் கலைஞருக்குக் காசு போகிறது. ஒரு செயலியில் போய்விட்டால் இன்னொன்றில் இருக்கும். கோப்பு வாங்கி, ஹார்ட் டிஸ்கில் வைத்து, அது கெட்டுப்போகாமல் பார்த்து... இவ்வளவு பாடு எதற்கு? 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3க்கும், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புக்கும் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கேட்காது.

லாஸ்பேட்டை_டேக்

முதலில் கடைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரம் பற்றி அலை தம்பி சொன்னதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு பாட்டைக் கோப்பாக வாங்க நினைத்தால் நடைமுறையில் இரண்டு வாசல்தான். ஒன்று ஐடியூன்ஸ் கடை. இந்தியாவில் 2012 டிசம்பரில் திறந்தார்கள், இன்னும் இருக்கிறது. ஐபோனிலும் விண்டோஸ் கணினியிலும் வாங்கலாம். கிடைப்பது 256 கேபிபிஎஸ் ஏஏசி. நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது, அதை 2009லேயே எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் கணக்கில் யுபிஐ வழியாகப் பணம் போட்டு வாங்கலாம். ஒரு விஷயத்தில் நிறைய பேர் குழம்புகிறார்கள்: ஆப்பிள் மியூசிக் சந்தாவில் லாஸ்லெஸ், அதாவது இழப்பில்லாத தரம், உண்டு, கடையில் விலைக்கு வாங்கும் கோப்பில் கிடையாது. இரண்டும் வேறு வேறு.

இன்னொரு வாசல் பேண்ட்கேம்ப், கலைஞர்களே பாட்டை விற்கும் இணையக் கடை. 2008ல் தொடங்கியது. கலைஞர் அங்கே வேவ், ஃபிளாக் மாதிரி லாஸ்லெஸ் கோப்பாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதனால் வாங்குகிறவர் ஃபிளாக், ஆலாக் (ஆப்பிளின் லாஸ்லெஸ் வடிவம்), வேவ், எம்பி3 என்று எந்த வடிவத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். யுபிஐ கிடையாது. கார்டு அல்லது பேபால். வங்கிச் செயலிக்குள் போய் 'சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனை'யைத் திறந்து வைத்த பிறகு வாங்குங்கள். 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் அது மூடித்தான் வரும். கார்டு வேலை செய்யவில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

கியூபஸ் என்று பிரெஞ்சுக் கடை ஒன்று உண்டு. சிடி தரம் முதல் 24-பிட் வரை கோப்பு விற்பார்கள். இந்தியாவுக்கு இன்னும் கடை திறக்கவில்லை.

மஞ்சக்குப்பம்_ரசிகன்

நன்றி சார். திரைப்பாடல் லாஸ்லெஸ் தரத்தில் எங்கே கிடைக்கும்? பேண்ட்கேம்ப்பில் தேடினேன், நம் படப் பாட்டு ஒன்றும் அகப்படவில்லை.

நெய்வேலி_சிடி

திரைப்பாட்டுக்கு சிடிதான் தம்பி. வேறு பேச்சே வேண்டாம்.

16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 1411 கிலோபிட். இதைவிடக் கூடுதலாக நம் காதுக்குத் தேவையில்லை. மனிதக் காது அதிகபட்சம் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ், சிடி 22 வரை தாங்கும். கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஃபிளாக்காக எடுங்கள். அதிலேயே அக்யுரேட்ரிப் என்ற சரிபார்ப்பு இருக்கிறது. உங்கள் பிரதியை உலகத்தில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு துளி பிசகாமல் வந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு வேவ் கோப்பாக 50 எம்பிக்கு மேல் வரும். ஃபிளாக் ஆக்கினால் ஏறக்குறைய 30 எம்பி. திரும்ப விரித்தால் ஒரு பிட் கூடக் குறையாது.

பழைய சிடிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பிறகு 'ரீமாஸ்டர்' என்று வந்த பல பதிப்புகளில் சத்தத்தை மட்டும் ஏற்றி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த இடைவெளியை நசுக்கிவிட்டார்கள். சரணத்துக்கு முன்னால் வயலின்கள் மெதுவாக ஏறும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய சிடியில் அந்த ஏற்றம் இருக்கும். பிட் கணக்கைவிட எந்த மாஸ்டர், அதாவது எந்த மூலப் பதிப்பிலிருந்து வந்தது, என்பதுதான் முக்கியம்.

பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சிடி வைத்திருப்பவர்கள் உண்டு. பொறுமையாகக் கிளறினால் கிடைக்கும்.

பாண்டி_கிதார்

நெய்வேலி ஐயா சொன்ன தரம் எல்லாம் சரி. ஆனால் ரசிகன் அண்ணன் காசு எங்கே போகிறது என்றும் கேட்டிருக்கிறார். சந்தையில் வாங்கும் பழைய சிடியின் காசு விற்பவருக்குப் போகும், அவரும் பிழைக்க வேண்டும், அது நியாயம். கலைஞருக்கு அதில் ஒரு பைசா போகாது. பதிப்பே நின்றுபோன ஆல்பத்துக்கு வேறு வழியில்லை. புதிதாக விற்பனையில் இருப்பதைப் புதிதாகவே வாங்குங்கள்.

நான் பாண்டியில் கிதார் வாசிக்கிறேன், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறேன், பேண்ட்கேம்ப்பிலும் விற்கிறேன், சந்தாச் செயலிகளிலும் போட்டிருக்கிறேன். வாசிப்பவன் பக்கத்திலிருந்து கணக்கைச் சொல்கிறேன்.

சந்தாச் செயலிகளில் பெரும்பாலானவை செய்வது இது: எல்லோர் காசையும் கோயில் உண்டியல் மாதிரி ஒன்றாகக் கொட்டி, நாட்டில் மொத்தம் ஓடிய பாட்டுகளில் யாருடையது எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க என் பாட்டை மட்டுமே கேட்டிருந்தாலும் உங்கள் சந்தா எனக்கு வராது. அந்த மாதம் கோடிக்கணக்கில் ஓடிய படப் பாட்டுகளுக்குத்தான் பெரும் பங்கு. அவரவர் சந்தா அவரவர் கேட்டவர்களுக்கே போகும் முறையை 2021ல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் கொண்டுவந்தது, பெரிய செயலிகள் எதுவும் அந்தப் பக்கம் முழுதாகப் போகவில்லை. 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 முறை ஓடாத பாட்டுக்குப் பதிவு உரிமைத் தொகையே கிடையாது. தவில் தனி, கூத்துப் பாட்டு, புதுப் பையன்களின் முதல் ஆல்பம் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும்.

பேண்ட்கேம்ப்பில் ஆல்பத்துக்கு 7 டாலர் வைத்திருக்கிறேன். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பங்கு 15 சதவீதம், அதாவது 1.05 டாலர். விற்பனை 5000 டாலரைத் தாண்டினால் 10 சதவீதமாகக் குறைப்பார்கள். பணம் கைமாறும் கட்டணம் தனி. எல்லாம் கழித்துச் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவர் லேபிளுக்கோ (இசை வெளியீட்டு நிறுவனம்) போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அறிவித்த சில வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கையே விட்டுக்கொடுப்பார்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு அது வெள்ளி மதியம் தொடங்கி சனி மதியம் முடியும். வாங்க நினைத்ததை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்துவிட்டு அன்றைக்கு வாங்குங்கள். எனக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம். அங்கே நான் வைத்திருப்பது குறைந்தபட்ச விலைதான். வாங்குகிறவர் மேலே போட்டும் கொடுக்கலாம். ஒருவர் 7 டாலருக்கு 20 கொடுத்து, இரண்டாவது பாட்டில் வரும் மழைச் சத்தம் எங்கே பதிந்தது என்று ஒரு வரி கேட்டிருந்தார். வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை என்று பதில் எழுதினேன். சந்தாச் செயலியில் யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது, ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் வரும்.

முதுநகர்_அலை

கிதார் அண்ணா, இந்த உண்டியல் கணக்கு எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் கட்டும் சந்தா நான் கேட்டவருக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த பேண்ட்கேம்ப் கடையும் கைமாறிக்கொண்டே இருக்கிறதே? 2022ல் ஒரு விளையாட்டு நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே இன்னொருவருக்கு விற்றுவிட்டது. நாளைக்கு மூடிவிட்டால்?

லாஸ்பேட்டை_டேக்

மூடலாம்தான். அதனால்தான் கோப்பாக வாங்கச் சொல்கிறேன். ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் நினைவிருக்கிறதா? 2012ல் தொடங்கி 2013ல் மூடிய எம்பி3 கடை. பூட்டில்லாத கோப்பு விற்றார்கள். இறக்கி வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் பாடும். கூகுள் பிளே மியூசிக் 2020ல் மூடியபோதும் அதே கதைதான்.

வாங்கிய அன்றே இறக்கிவிடுங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்கில். ரசீது மின்னஞ்சலையும் அதே கோப்புறையில் சேமித்து வையுங்கள்.

சொல்தா_வீட்டுப்பிள்ளை

கியூபஸ் பற்றி ஒரு கேள்வி. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். சித்தப்பா அங்கே கணக்கு வைத்திருக்கிறார். அவர் வாங்கி எனக்குக் கோப்பை அனுப்பினால் சட்டப்படி சரியா? இல்லை விபிஎன் போட்டு நானே வாங்கலாமா? பாண்டியில் என் மாதிரி நிறைய பேர் இருக்கிறார்கள்.

சிதம்பரம்_வக்கீல்

இரண்டுமே வேண்டாம் என்பேன். அந்தக் கடைகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக உரிமம் வாங்கி விற்கின்றன. இருக்கும் இடத்தை மறைத்து வாங்குவது அவர்கள் நிபந்தனையை மீறுவது, கணக்கை மூடினால் கேட்க முடியாது. கோப்பு வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விற்கப்படுவது. சித்தப்பா அதன் நகலை இன்னொருவருக்கு அனுப்பினால், உறவே ஆனாலும், உரிமதாரரின் அனுமதி இல்லாத பிரதிதான்.

நல்ல வழி ஒன்று உண்டு. சித்தப்பாவை சிடியாக வாங்கிக் கோடை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். பொருளாக வாங்கியதைப் பரிசாகக் கொடுப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. அதிலிருந்து உங்கள் சொந்தக் கேட்புக்கு ஃபிளாக் எடுத்துக்கொள்வது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் வரும் தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு என்று வாதிடலாம். எடுத்துவிட்டு சிடியை வேறொருவருக்கு விற்றால் அந்த வாதம் நிற்காது.

பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். திரைப்பாட்டுக் காசு முழுக்க நிறுவனத்துக்கே போகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமைத் தொகையில் சம பங்கு பெற உரிமை உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. முன்தொகை கொடுத்துவிட்டோம், எல்லாம் எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆகவே திரைப்பாட்டை முறையாக வாங்குவதும் வீண் போகாது. பங்கு சிறியது, அவ்வளவுதான்.

ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மிகப் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் பல அதைத் தாண்டிவிட்டன. ஆனால் அதில் உள்ள பாட்டுக்கு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறைந்து 60 ஆண்டு வரை தனியாக உரிமை இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முதுநகர்_அலை

வக்கீல் சார் சொன்னது பயனுள்ளது. டேக் சார், தரம் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே? நான் புளூடூத் ஹெட்போனில் கேட்கிறேன். எனக்கு ஃபிளாக் தேவையா?

லாஸ்பேட்டை_டேக்

தம்பி, புளூடூத்தில் எது போட்டாலும் போகும் வழியிலேயே மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். எல்டாக் என்ற உயர்தர புளூடூத் முறை கூட 990 கேபிபிஎஸ் வரைதான். ஃபிளாக்கை முழுதாகக் கேட்கக் கம்பி ஹெட்போனும், போனில் அதைச் செருகும் ஓட்டை இல்லையென்றால் ஒரு சின்ன யுஎஸ்பி டேக்கும் (டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் கருவி) இருந்தால் போதும்.

இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாகச் சுருக்கிய 320 எம்பி3யையும் ஃபிளாக்கையும் கண்ணை மூடிக் கேட்டால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனை உண்டு, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டு நீங்களே பார்க்கலாம். நான் ஃபிளாக் வாங்குவது காலத்துக்கும் வைத்திருக்க. நாளைக்கு வேறு வடிவம் வந்தால் ஃபிளாக்கிலிருந்து இழப்பில்லாமல் மாற்றலாம். எம்பி3யை இன்னொன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

ஆனால் 128 எம்பி3 என்றால் விஷயம் வேறு. அதுவும் நம் ஊர் வாத்தியத்தில் பச்சையாகத் தெரியும். தவில் பதிவு ஒன்றை எடுத்துக் கேளுங்கள். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் சுருக்கும். ஒரு துண்டுக்குள் பாதி அமைதி, மீதியில் திடீரென்று ஒரு அடி என்றால், அந்த அடிக்கான இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி அடி விழுவதற்கு முன்பே 'ஷ்' என்று கசியும். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத் தோல்) கூடு என்ற விரலுறை மாட்டிய விரல் விழும்போது வரும் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். வேகமான உருப்படியில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். வாசித்தவர் விரல் சுத்தமாகத்தான் இருந்திருக்கும், கோப்பு அதைக் கெடுத்துவிடும்.

'ஃபிளாக்' என்று பெயர் போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போடுங்கள். ஒலியின் அலைவரிசை படமாக விரியும். உண்மையான சிடி தரமாக இருந்தால் நிறம் மேலே 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் படிப்படியாக மங்கும். 16ல் கத்தி வைத்து அறுத்தது போல் கிடைக்கோடு தெரிந்தால் அது 128 எம்பி3யை விரித்து ஃபிளாக் பெயர் வைத்தது. யூடியூபிலிருந்து எடுத்து '320' என்று சுற்றுவதும் அப்படித்தான். மூலமே அவ்வளவு தரத்தில் இல்லாதபோது 320 எங்கிருந்து வரும்? ஒழுங்கான இடத்தில் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வில்லியனூர்_தவில்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். தவில் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். கல்யாணம், கோயில், மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகும்போது தீர்த்தவாரி வரை வாசிக்கிறோம். எங்கே வாசித்தாலும் நூறு போன் மேலே தூக்கிப் பிடித்திருக்கும். மறுநாள் யூடியூபில் யாரோ ஒருவர் சேனலில் எங்கள் வாசிப்பு இருக்கும். லட்சம் பேர் பார்த்ததாக எழுதியிருக்கும். எங்கள் பெயர் இருக்காது. போன் மைக்கில் எடுத்ததால் தவில் சத்தம் உடைந்து கரகரவென்று கேட்கும், நாகஸ்வரம் தகரம் மாதிரி இருக்கும். எங்கள் பெரியப்பா வாசித்த காலத்து நல்ல பதிவு ஒன்று கூட வீட்டில் இல்லை.

நீங்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்கத் தயார் என்கிறீர்கள். எங்களிடம் விற்க ஒரு கோப்பும் இல்லை. எங்கே எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பேபால் எல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா?

மஞ்சக்குப்பம்_ரசிகன்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் எதைத் தேடி வந்தேனோ அது பக்கத்திலேயே இருக்கிறது என்று தோன்றியது. திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் உற்சவத்தில் தவிலும் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த இசையில் ஒரு மணி நேரம் நல்ல தரத்தில் வேண்டும் என்றால் எங்கும் கிடைப்பதில்லை. நீங்கள் பதிந்தால் முதல் பிரதி எனக்கு. கிதார் தம்பி, டேக் சார், வழி சொல்லுங்கள்.

பாண்டி_கிதார்

வில்லியனூர் அண்ணா, பேபால் பயப்படும் அளவுக்கு இல்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். வரும் பணம் தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடும், டாலரை ரூபாயாக மாற்றும்போது கொஞ்சம் பிடிப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு பேண்ட்கேம்ப் வையுங்கள். இலங்கைத் தமிழர்கள் பாரிசிலும் டொரண்டோவிலும் தவில் என்றால் உயிரை விடுவார்கள்.

உள்ளூருக்கு அது தேவையே இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். ஜூன் 21ல் பாண்டியில் ஃபேத் த லா மியூசிக் என்ற இசைத் திருநாள் நடக்கும்போது தெருவில் வாசிப்பேன். கிதார்ப் பெட்டி மேல் ஒரு அட்டை: யுபிஐ க்யூஆர், ஆல்பம் 200 ரூபாய், வாட்ஸ்அப் எண். பணம் போட்டவர் திரையைக் காட்டி அனுப்பினால் இறக்கும் இணைப்பை அனுப்பிவிடுவேன். ஃபிளாக் ஒரு கோப்புறை, எம்பி3 ஒரு கோப்புறை, கூடவே யார் யார் என்ன வாசித்தார்கள் என்று ஒரு பக்கம். நடுவில் யாரும் கிடையாது, 200ம் கைக்கு வரும். போன் மேலே தூக்குகிற நூறு பேரில் பத்துப் பேர் அட்டையைப் பார்த்தாலே ஆரம்பத்துக்குப் போதும்.

ஒன்று மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள். குழுவில் நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப்பெட்டி என்று இருப்பார்கள். விற்பனையில் யாருக்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாலு பேர் நல்ல பெயரோடு வாசித்த பிறகு இதில் மனஸ்தாபம் வரக்கூடாது.

சிதம்பரம்_வக்கீல்

அந்தத் தாள் மிகவும் அவசியம். வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை சட்டத்தில் தனியாக உண்டு, 50 ஆண்டு வரை. ஒரே ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் விற்பது சிக்கல். யூடியூபில் உங்கள் வாசிப்பைப் போட்டுச் சம்பாதிப்பவரைக் கேட்கவும் அதே உரிமைதான் உதவும்.

உருப்படித் தேர்விலும் கவனம். மல்லாரி, ராக ஆலாபனை, தேவாரப் பண், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் கீர்த்தனை எல்லாம் தாராளமாகப் பதியலாம். 1960களுக்குப் பிறகு மறைந்த சாகித்யகர்த்தாக்களின் (பாடல் இயற்றியவர்கள்) பாட்டுக்கு இன்னும் உரிமை இருக்கலாம். கல்யாண வீட்டில் கேட்கும் சினிமாப் பாட்டை விற்பனைப் பதிவில் சேர்க்காதீர்கள், அதற்கு உரிமம் வாங்க வேண்டும்.

நெய்வேலி_சிடி

விற்பனைக்குச் சிடியும் கொஞ்சம் போடுங்கள் ஐயா. என் வயதுக்காரர்கள் கையில் பிடித்துப் பார்த்தால்தான் வாங்குவார்கள். உள்ளே வாசித்தவர்கள் பெயரும் படமும், தவில் எந்த ஊர்ப் பலாமரம் என்பது வரை எழுதுங்கள். பண்ருட்டி பலா என்றால் அதற்காகவே நான் இரண்டு வாங்குவேன்.

முதுநகர்_அலை

நானும் ஒரு பிரதிக்குப் பெயர் கொடுக்கிறேன். சந்தாவையும் விடப் போவதில்லை, புதுசு தேட அது வேண்டும். பிடித்துப்போனதை இனி கோப்பாக வாங்குகிறேன்.

வில்லியனூர்_தவில்

எல்லோருக்கும் நன்றி. பதிவை மாசி மகத்தன்று கடற்கரையிலேயே வைக்கலாமா? அன்றைக்கு எல்லோரும் கூடியிருப்போம், வாசிப்பும் நன்றாக வரும்.

லாஸ்பேட்டை_டேக்

கடற்கரை வேண்டாம் அண்ணா. காற்று மைக்கை அடித்துவிடும், கூட்டத்தின் சத்தமும் சேரும். அன்றைக்கு நினைவுக்காக எடுத்து வைக்கலாம், விற்பனைக்குத் தனியாகப் பதிவோம்.

கல் மண்டபமும் வேண்டாம், நாகஸ்வரம் எதிரொலித்துத் தவில் சொற்களை மூடிவிடும். பக்கவாட்டில் திறந்த ஓட்டு வீட்டுக் கூடம், இல்லையென்றால் வாகனம் போகாத தோப்பு நல்லது. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் தெருச் சத்தம் இருக்காது. என்னிடம் 32-பிட் ஃபுளோட் பதிவுக் கருவி இருக்கிறது, தவில் எவ்வளவு உரக்க விழுந்தாலும் பதிவில் உடையாது. நாகஸ்வரத்தின் அணசு, அதாவது அகன்ற முனை, நேராக மைக்கைப் பார்க்கக் கூடாது, சற்றுச் சாய்த்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் (குச்சியால் அடிக்கும் பக்கம்) ஒன்று என்று இரண்டு மைக் வைக்கலாம். பதிவு 24-பிட்டில் முடித்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம், என் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தால் போதும்.

குழுவில் எல்லோருக்கும் தோதான ஒரு காலையைக் கேட்டுச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையே வந்து இடத்தைக் கேட்டுப் பார்த்துவிடுகிறேன்.